தோற்றுப்போன துப்பாக்கிக்குத்தான் மவுசு

வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், தானாகக் குண்டேறும் கைத்துப்பாக்கி 1890களில் ஐரோப்பாவில் பிறந்த கதையை எழுதியிருந்தேன். கடைசிப் பத்தியில், விற்பனைக்கு வராமலே நின்றுபோன மாதிரித் துப்பாக்கிகளைத் தேடிச் சேர்க்கும் மனிதர்களைப் பற்றி நாலு வரி சொன்னேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. துப்பாக்கிக் கடைப் பட்டறையில் ரிப்பேர் வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். சேகரிப்பாளன் இல்லை; அதற்கான பணமும் இல்லை. ஏலக் கேட்லாக் படிக்கிற பைத்தியம் மட்டும் உண்டு. அந்த அளவில் பதில் சொல்கிறேன்.

*

ஐயா, மாதிரித் துப்பாக்கி என்று எதைச் சொல்கிறீர்கள்? போர்கார்ட் பிஸ்டலே ஒரு மாதிரிதானே?
(கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

இல்லை தம்பி. ஹூகோ போர்கார்ட் 1893இல் கொண்டுவந்த பிஸ்டல் பெர்லினில் லூட்விக் லோவே தொழிற்சாலையில் முறையாகத் தயாராகிக் கடைக்கு வந்த சரக்கு. அந்தத் தொழிற்சாலை பிறகு டி.டபிள்யூ.எம். ஆனது. இரண்டு பெயரிலும் சேர்த்து ஏறக்குறைய 3,000 செய்திருப்பார்கள். அபூர்வம்தான், ஆனால் மாதிரி இல்லை.

மாதிரி என்றால் என்ன என்பதற்கு மவுசரைப் பாருங்கள். ஓபர்ன்டார்ஃபில் மவுசர் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஃபீடெர்லே சகோதரர்கள் மூன்று பேர் ஒரு பிஸ்டலை உருவாக்கினார்கள். அதன் முதல் துப்பாக்கியின் தேதி 1895 மார்ச் 15. அந்த ஒன்று மாதிரி. 1895 டிசம்பரில் காப்புரிமை மவுசர் பெயரில் பதிவானது. பிறகு 6 தோட்டா, 10 தோட்டா, 20 தோட்டா என்று கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பார்த்தார்கள். அவை சோதனைத் துப்பாக்கிகள். அதற்கப்புறம் வந்தது உற்பத்தி. உற்பத்தியிலும் ஆரம்ப காலத்தவற்றுக்குக் குதிரையின் (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கிற சின்னச் சுத்தியலின்) தலை கூம்பு வடிவில் இருக்கும். பிறகு பெரிய வளையம், அதற்கும் பிறகு சிறிய வளையம். சேகரிப்பவர்கள் படத்தில் குதிரையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

ஒரு தொழிற்சாலை தன் மனதில் இருந்ததை இரும்பில் எழுதிப் பார்த்து, அடித்துத் திருத்திய இடம் இந்த மாதிரி. அடித்தல் திருத்தல் எல்லாம் அதிலேயே இருக்கும்.

*

ஒரே ஒரு லூகர் பிஸ்டல் பத்து லட்சம் டாலருக்குப் போனதாமே? தங்கத்தில் செய்ததா?
(கார் உதிரிபாக வியாபாரி, கோவை)

சாதாரண எஃகுதான் சார். ஆனால் கதையைக் கேளுங்கள்.

பிலிப்பைன்ஸ் சண்டையில் .38 ரிவால்வர் (.38, .45 என்பதெல்லாம் குண்டின் பருமன், அங்குலத்தில்) எதிராளியை நிறுத்தவில்லை என்று அமெரிக்க ராணுவத்துக்கு ஒரே மனக்குறை. 1904இல் சோதனைகள் நடத்தி, இனிமேல் .45க்குக் குறைந்து வேண்டாம் என்று முடிவு கட்டினார்கள். 1907இல் மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் போட்டி வைத்தார்கள். கோல்ட், சாவேஜ், பெர்க்மான், நோபிள், ஒயிட்-மெரில் என்று பலர் வந்தார்கள். ஜெர்மனியிலிருந்து கேயார்க் லூகரும் வந்தார். அவருடைய பிஸ்டல் 7.65 மில்லிமீட்டரிலும் 9 மில்லிமீட்டரிலும் பேர் வாங்கியது. அதை இந்தப் போட்டிக்காகவே .45 அளவுக்குப் பெரிதாக்கிச் செய்தார்.

சும்மா சுட்டுப் பார்க்கிற சோதனை இல்லை அது. நுண்ணிய மணலை ஊதி உள்ளே ஏற்றினார்கள். நவச்சாரக் கரைசலில் முக்கி எடுத்துத் தொங்கவிட்டு, துருப்பிடிக்க வைத்துச் சுட்டார்கள். கடைசியில் கோல்ட்டும் சாவேஜும் தேறின. ஒவ்வொருவரும் 200 துப்பாக்கி செய்து தாருங்கள், படையில் கொடுத்துப் பார்க்கிறோம் என்றார்கள். சாவேஜ் முதலில் முடியாது என்று கையை விரித்தது. உடனே வாய்ப்பு லூகருக்குப் போனது. லூகர் தரப்பினரும் சரி என்றுவிட்டு 1908இல் விலகிக்கொண்டார்கள். அதே ஆண்டு ஜெர்மன் ராணுவமே லூகரை எடுத்துக்கொண்டதால், சொந்த ஊரிலேயே கைநிறைய வேலை கிடைத்துவிட்டது. அமெரிக்காவுக்கு 200 துப்பாக்கிக்காக எதற்கு மெனக்கெட வேண்டும்? சாவேஜ் மனம் மாறித் திரும்பி வந்தது.

ஆக .45 லூகர் உற்பத்திக்கே வரவில்லை. போட்டிக்கு வந்தவற்றில் முதல் எண் துப்பாக்கி சோதனையிலேயே அழிந்திருக்க வேண்டும் என்பது பொதுக் கருத்து. 2 என்று எண்ணிட்டது பிழைத்தது. அதுதான் 1989இல் பத்து லட்சம் டாலருக்குக் கைமாறியது. இதோடு நிறுத்திக்கொள்வார்கள் எல்லோரும். 2010இல் அதே பிஸ்டல் ஏலத்துக்கு வந்தபோது ஐந்து லட்சத்துக்கும் சற்றுக் குறைவாகத்தான் போனது என்பதை யாரும் சொல்வதில்லை. பாதி விலை! துப்பாக்கியை முதலீடு என்று யாராவது உங்களிடம் பேசினால் இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

*

போர்கார்ட் பிஸ்டலைச் சுட்டுப் பார்த்திருக்கிறீர்களா?
(வாசகர், தேனி)

இல்லை. ஸ்பிரிங் ஒடிந்தால் யார் செய்து தருவார்கள்?

*

இவ்வளவு விலை போகிறதென்றால் போலி வராமலா இருக்கும்? எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?
(அச்சகம் நடத்துபவர், சிவகாசி)

வராமலா? மாதிரித் துப்பாக்கிகளில் போலி செய்வது மற்றதைவிடச் சுலபம் என்பதுதான் கொடுமை. உற்பத்தித் துப்பாக்கி என்றால் ஆயிரம் துப்பாக்கியோடு ஒப்பிடலாம். மாதிரியை எதோடு ஒப்பிடுவீர்கள்? பரிசோதனை முத்திரை இல்லாமல் இருக்கலாம். எண் இல்லாமல் இருக்கலாம், அல்லது ஒரே ஓர் இலக்கம் இருக்கலாம். இதெல்லாம் உண்மையான மாதிரியின் அடையாளம். முத்திரையை அழித்துவிட்ட திருட்டு வேலையின் அடையாளமும் இதுவேதான்.

இரும்பைப் பார்க்கிற விதம் ஒன்று சொல்கிறேன். எண்ணை உளி வைத்து அடிக்கும்போது உலோகம் ஓரத்தில் பிதுங்கி மேலே எழும். லென்ஸ் வைத்துச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் இலக்கத்தைச் சுற்றி வரப்புக் கட்டியதுபோல் தெரியும். யாராவது உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் அந்த வரப்பு போய்விடும். இலக்கத்தின் மூலைகள் மழுங்கிவிடும். தேய்த்துவிட்டுப் புது எண் அடித்திருந்தால் அந்த இடம் மட்டும் இலேசாகப் பள்ளமாக இருக்கும். ஒரு ஸ்டீல் ஸ்கேலை மேலே படுக்க வைத்து, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் நிறம். பழைய லூகரில் டிரிகர், பாதுகாப்பு நெம்பு போன்ற சின்ன உறுப்புகள் வைக்கோல் மஞ்சளாக இருக்கும். அது பெயின்ட் இல்லை. எஃகை 230 டிகிரி அளவுக்குச் சூடேற்றினால் அதுவே எடுக்கிற நிறம். இன்னும் சூடேற்றி 300ஐத் தொட்டால் மயில் கழுத்து நீலம். நூறு வருடம் கைபட்ட மஞ்சள் விளிம்புகளில் தேய்ந்து சாம்பலாகியிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே பளபளப்பில் மஞ்சள் இருந்தால் அது போன வருடத்து மஞ்சள்.

ஆனாலும் இரும்பு பாதிதான் சொல்லும். மீதி காகிதம். கோல்ட் நிறுவனத்தின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் கட்டி எண்ணைக் கொடுத்தால், எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பினார்கள் என்று கடிதம் தருவார்கள். ஜெர்மன் துப்பாக்கிக்கு அந்த வசதி குறைவு. இரண்டாம் உலகப் போர் முடிவில் ஓபர்ன்டார்ஃபைப் பிரெஞ்சுப் படை பிடித்தபோது மவுசர் ஆவணங்களில் பெரும்பகுதி அழிந்துபோனது. அதனால் காப்புரிமை வரைபடம், பழைய புகைப்படம், குடும்பத்தில் கைமாறிய கடிதம் என்று துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் நிரூபிக்க வேண்டும். ஐம்பது வருடக் கடிதத்தோடு வருகிற துருப்பிடித்த துப்பாக்கியை, காகிதமே இல்லாத பளபளப்பான துப்பாக்கியைவிட அதிக விலைக்கு எடுப்பார்கள்.

*

எங்கள் வீட்டில் பெரியப்பா வைத்திருந்த பெல்ஜியம் பிஸ்டல் உரிமத்தோடு இருக்கிறது. மங்கிப்போய்விட்டது. நிக்கல் முலாம் போட்டு வைக்கலாம் என்று மகன் சொல்கிறான். செய்யலாமா சார்?
(இல்லத்தரசி, காரைக்குடி)

வேண்டாம் அம்மா. தயவுசெய்து வேண்டாம்.

இதே ஜாதித் துப்பாக்கி ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. எஃப்.என். 1900 பிரௌனிங். ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலை செய்தது. அதன் கைப்பிடித் தகட்டில் அந்தப் பிஸ்டலின் படமே சின்னதாகப் பொறித்திருக்கும், மேலே எஃப்.என். என்ற எழுத்து. பக்கவாட்டில் ஹெர்ஸ்தால், லியேஜ் என்று ஊர்ப் பெயர், பிரௌனிங் காப்புரிமை என்ற வரி. வந்த துப்பாக்கியைப் பாத்திரக் கடை ஆள் ஒருவர் பஃபிங் போட்டு நிக்கல் ஏற்றியிருந்தார். எவர்சில்வர் சொம்பு மாதிரி ஜொலித்தது. எழுத்துகளின் பள்ளத்தில் முலாம் இறங்கி, ஊர்ப் பெயரில் பாதியைக் காணோம். எண்ணின் கடைசி இலக்கம் 3ஆ 8ஆ என்று லென்ஸிலும் புலப்படவில்லை. உரிமத்தில் இருக்கும் எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றுதான் என்று அவர்கள் நிரூபிப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது.

மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணி போதும். உரிமம் பெரியப்பா பெயரிலேயே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அவர் காலமாகியிருந்தால் வாரிசு பெயரில் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

*

ஆரம்பகால பெர்க்மான் தோட்டாவுக்கு அடியில் விளிம்பும் இல்லை, பள்ளமும் இல்லையாமே. அப்படியானால் காலித் தோட்டாவை எதைப் பிடித்து வெளியே இழுத்தது?
(லேத் பட்டறை வைத்திருப்பவர், கோவை)

தொழில் தெரிந்தவர் கேட்கிற கேள்வி! எதையும் பிடித்து இழுக்கவில்லை. இழுக்கிற கொக்கியே இல்லை.

தியோடோர் பெர்க்மானின் தொழிற்சாலையில் லூயி ஷ்மைசர் வடிவமைத்த பிஸ்டல்கள் இவை. 1896 மாடலின் முதல் வகையில், குண்டு குழலை விட்டுப் போனபிறகும் உள்ளே மிச்சமிருக்கும் வாயு அழுத்தமே காலித் தோட்டாவைப் பின்னால் தள்ளிவிடும். போகிற வழியில் ஏதாவது ஒன்றில் மோதி வெளியே தெறிக்கும். ஓர் உறுப்பு மிச்சம், ஒரு ஸ்பிரிங் மிச்சம். காகிதத்தில் அழகான யோசனை.

தோட்டா வெடிக்காமல் புஸ்ஸென்று போனால்? அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். வாயு இல்லை, தள்ள ஆளில்லை, பிடித்து இழுக்கப் பள்ளமும் இல்லை. வெடிக்காத தோட்டா அறையிலேயே உட்கார்ந்திருக்கும். குச்சி விட்டுத் தள்ள வேண்டியதுதான். சண்டையில் குச்சிக்கு எங்கே போவது? சீக்கிரமே தோட்டாவில் பள்ளம் வெட்டி, போல்ட்டில் (குழலின் பின்வாயை அடைக்கிற உறுப்பு) கொக்கியும் வைத்துவிட்டார்கள். கொக்கி இல்லாத அந்த முதல் வகையைத்தான் இன்று சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள். பள்ளமில்லாத அந்தத் தோட்டாக்களையும் சேர்த்துத்தான்.

*

மார்ஸ் என்று ஒரு பிஸ்டலாமே, சுட்டவர்களே பயந்தார்களாம்?
(வாசகர், நாகர்கோவில்)

ஹ்யூ கேபெட்-ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர் செய்தது. ராட்சசன். அதன் தோட்டாக்களின் வேகமும் விசையும் அந்தக் காலத்தில் வேறு எந்தக் கைத்துப்பாக்கிக்கும் இல்லை. சுட்டால் குழலும் போல்ட்டும் சேர்ந்து நெடுந்தூரம் பின்வாங்கும். புதுத் தோட்டாவை முன்னால் தள்ளாமல், மேகசினிலிருந்து பின்பக்கமாக உருவி எடுத்து மேலே தூக்கும். காலித் தோட்டா நேராகச் சுடுகிறவர் முகத்துக்கே வரும். ஒருமுறை சுட்டவர் மறுமுறை சுட விரும்பவில்லை என்று பிரிட்டிஷ் கடற்படைச் சோதனையை நடத்திய அதிகாரி எழுதியதாகச் சொல்வார்கள். ராணுவமும் வேண்டாம், கடற்படையும் வேண்டாம் என்றது. 1902இல் மனிதர் திவாலாகிவிட்டார். மொத்தம் செய்தது 80 அளவில்தான். ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. ஒவ்வொன்றிலும் எதையாவது மாற்றிக்கொண்டே போனார்.

படை வாங்கியிருந்தால் பல்லாயிரம் செய்திருப்பார்கள், இன்று விலையும் மலிந்திருக்கும். லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸ் சேகரிப்பில் மார்ஸ் உண்டு. இங்கிலாந்தில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் போகும்போது விசாரித்துப் பாருங்கள்.

*

வாஞ்சிநாதன் மணியாச்சியில் பயன்படுத்தியதும் இந்த ஆரம்பகால வகைதானா ஐயா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், செங்கோட்டை)

உங்கள் ஊர்க்காரர் அல்லவா, கேட்காமல் இருப்பீர்களா! 1911 ஜூன் 17இல் ஆஷ் துரையைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டலால். பிரௌனிங்கின் முதல் பிஸ்டல் ஹெர்ஸ்தாலில் 1899இல்தான் உற்பத்திக்கு வந்தது. பன்னிரண்டே வருடத்தில் அந்த வகை நம் ரயில் நிலையம் வரை வந்துவிட்டது என்பதை யோசித்துப் பாருங்கள். ஆனால் மாதிரி இல்லை, அபூர்வமும் இல்லை. எஃப்.என். 1900 மட்டுமே ஏழு லட்சம் அளவுக்குச் செய்திருக்கிறார்கள். கோட்டுப் பையில் அடங்கும், விலையும் கைக்கு எட்டும். அதனால் உலகம் முழுக்கப் புரட்சிக்காரர்கள் கையில் அது இருந்தது.

இப்படிப்பட்ட துப்பாக்கிக்கு மதிப்பு வேறு கணக்கு. 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டது எஃப்.என். 1910 வகை, எண் 19074. வியன்னாவின் ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. பக்கத்து எண்ணான 19075 கிடைத்தால் அது வெறும் பழைய பிஸ்டல்.

*

இந்தியாவில் இதையெல்லாம் சேகரிக்க முடியுமா?
(பலர்)

நாசூக்காகச் சொல்ல வழியில்லை: ஏறக்குறைய முடியாது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமத்தில் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். 9 மில்லிமீட்டர் லூகர் என்றால் அது பொதுமக்களுக்குத் தடைசெய்த அளவு. பழமைவாய்ந்த ஆயுதத்துக்கு விலக்கு உண்டே என்பீர்கள். ஆயுதச் சட்டம் 45ஆம் பிரிவைப் படியுங்கள்: ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுடவே முடியாத நிலையில் இருக்க வேண்டும். போர்கார்ட்டைக் கொஞ்சம் எண்ணெய் விட்டால் சுடும். அமெரிக்காவில் கதை வேறு. 1898 முடிய செய்த துப்பாக்கியை அவர்களுடைய 1968ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருள் என்றே கணக்கு வைக்கிறது. அதனால்தான் ஒரு பெர்க்மான் 1898 டிசம்பரில் செய்ததா, 1899 ஜனவரியில் செய்ததா என்று அங்கே மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

*

காசில்லாதவன் இந்த ஆசையை எப்படித் தீர்த்துக்கொள்வது?
(வாசகர், அரக்கோணம்)

நான் தீர்த்துக்கொள்கிற மாதிரிதான்: காப்புரிமை வரைபடங்கள். இலவசம், உரிமம் வேண்டாம், துருப்பிடிக்காது. அமெரிக்கக் காப்புரிமை 580,923 முதல் 580,926 வரை நான்கை எடுத்துப் பாருங்கள். நான்கும் ஜான் பிரௌனிங்குக்கு ஒரே நாளில், 1897 ஏப்ரல் 20இல் கிடைத்தவை. ஒன்றில் வாயு ஒரு மடலைத் தூக்கி வேலை செய்கிறது. 1895இல் அவர் கோல்ட் நிறுவனத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் காட்டிய மாதிரி அது. இன்னொன்றில் குழல் கீழே இறங்கி, குழலையும் போல்ட்டையும் பிணைக்கிற பூட்டுத் திறக்கிறது. மற்றொன்றில் குழல் சுழல்கிறது. நான்காவதில் பூட்டே இல்லை; போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டும். இறங்குகிற குழல் கோல்ட் 1900 ஆனது. பூட்டில்லாதது எஃப்.என். 1900 ஆனது. அதற்கென்று வந்த 7.65 தோட்டாவைத்தான் .32 என்ற பெயரில் நம் ஊர் உரிமதாரர்கள் இன்றும் வாங்குகிறார்கள். வாயு மடல் மட்டும் கடைக்கு வராமலே நின்றுவிட்டது. நான்கையும் பிரிண்ட் எடுத்து மேசையில் பரப்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவதே தெரியாது.

*

யாராவது இனாமாகக் கொடுத்தால் எதைக் கேட்பீர்கள்?
(வாசகி, திருச்சி)

.45 லூகர் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இல்லை. அதற்குக் காவல் போடவே என் ஓய்வூதியம் போதாது. படையில் கொடுத்துப் பார்த்த அந்த 200 சாவேஜில் ஒன்று போதும். 1911 மார்ச்சில் கடைசிச் சோதனை: ஆளுக்கு 6,000 தோட்டா. கோல்ட் ஒரு தடவைகூட நிற்கவில்லை. சாவேஜ் 37 தடவை தகராறு செய்தது. மார்ச் 29இல் கோல்ட் ராணுவத் துப்பாக்கியாகிவிட்டது. படையிலிருந்து திரும்பிய சாவேஜ்களை நிறுவனம் சீர்செய்து பொதுமக்களுக்கு விற்றுவிட்டது. அதனால் இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை மறு நீலம் ஏற்றியவை, அதாவது எஃகின் நீல மேற்பூச்சைப் புதிதாக்கியவை. யாரும் கை வைக்காத ஒன்று, குதிரைப்படை வீரன் எவனோ கீறிய கீறலோடு கிடைத்தால் பிரித்துப்போட்டு, எந்த உறுப்பு எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த 37இல் பத்துக்காவது காரணம் சொல்லிவிடுவேன்.